வாய்க்கால் கரை இங்கிலீஷ்

நம் இங்கிலீஷ் சாரைப் பற்றிப் பள்ளி மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். அவருடைய பிரம்பைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறது. நான் எழுத நினைப்பது, ஒன்றுபோல் தோன்றும் பெயர்ச்சொற்களை அவர் பிரித்துக் காட்டிய விதத்தை. இரண்டு சொற்களைப் பலகையில் எழுதி, "ரெண்டும் ஒண்ணா, வேறயா?" என்பார். டிக்‌ஷனரியைத் தொட விடமாட்டார். பதில் எங்கள் கோபிசெட்டிபாளையத்திலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் எங்காவது இருக்கும்.

டேம், ரிசர்வாயர் இரண்டையும் எடுத்துக்கொள்வோம். பவானிசாகர் அணை நிரம்பிவிட்டது என்று யாராவது சொன்னால் போதும், "நெறஞ்சது செவுரா, தண்ணியா சாமி?" என்று பிடித்துக்கொள்வார். டேம் என்பது தடுப்பு மட்டும்தான். பவானிசாகரில் அது 8 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மண் அணை. அதன் பின்னால் தேங்கி நிற்கிற தண்ணீர்தான் ரிசர்வாயர். பேப்பரில் வரும் 105 அடி, 32.8 டிஎம்சி எல்லாம் அந்தத் தண்ணீரின் கணக்கு.

கொடிவேரியையும் நாம் அணை என்றுதான் சொல்கிறோம். ஆனால் அங்கே தண்ணீர் சுவரின் மேலேயே வழிந்து விழுகிறது. சனம் குளிப்பதே அந்த வழிசலில்தான். தேக்கி வைப்பது அதற்கு வேலை இல்லை. ஆற்று மட்டத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்து, தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களுக்குள் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பேர் வியர். "பவானிசாகர்ல இப்பிடி மேல வழிஞ்சா, பாடம் நடத்த நானும் இருக்க மாட்டேன், கேக்க நீங்களும் இருக்க மாட்டீங்க" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வார். வெள்ளைக்கார இன்ஜினியர்கள் நம் அணைக்கட்டையே அனிகட் என்று தங்கள் மொழிக்குள் கொண்டுபோய்விட்டதால், கொடிவேரிக்கு அனிகட் என்று எழுதினாலும் முழு மார்க் உண்டு.

அப்புறம் பேரேஜ். அதற்கு அவர் காட்டியது காவிரியில் இருக்கும் ஊராட்சிக்கோட்டைக் கதவணை: ஆற்றுக்குக் குறுக்கே வரிசையாகக் கதவுகள். சிங்கப்பூர் வந்து மெரினா பேரேஜைப் பார்த்தபோது எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2008இல் திறந்தது, 9 இரும்புக் கதவுகள். கனமழை நேரத்தில் கடல் மட்டம் இறங்கியிருந்தால் கதவைத் திறந்து விடுகிறார்கள், ஏறியிருந்தால் பம்பு போட்டு இறைக்கிறார்கள். கதவு வரிசை பேரேஜ், உள்ளே நிற்கும் நன்னீர் மெரினா ரிசர்வாயர். சார் இருந்தால் அங்கேயே ஒரு வகுப்பு எடுத்திருப்பார்.

கெனால், சேனல் விஷயத்தில் அவர் கொஞ்சம் தளர்த்திக்கொள்வார். மனுசன் வெட்டினால் கெனால். 13ஆம் நூற்றாண்டில் காளிங்கராயன் வெட்டிய 56 மைல் வாய்க்காலை விடப் பெரிய சாட்சி வேண்டுமா? சேனல் என்பது தண்ணீர் ஓடுகிற எந்தத் தடத்துக்கும் பொது. ஆறு தானாக அறுத்துக்கொண்டதும் சேனல்தான், வெட்டியதும் சேனல்தான். கரைக்கு வந்தால் ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் பேங்க், கடலுக்கும் ஏரிக்கும் ஷோர். இடது பேங்க் எது, வலது பேங்க் எது என்று தெரிய, தண்ணீர் போகிற திசையைப் பார்த்து நிற்க வேண்டும். இதற்காகவே எங்களைத் தடப்பள்ளி வாய்க்கால் பாலத்தில் நிறுத்திக் கையைத் தூக்கச் சொன்னார். போகிற வருகிறவர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

மற்றவை சட்டென்று முடிந்துவிடும். வேப்பமரத்தடியில் உட்கார்ந்தால் ஷேட், அந்த மரத்தின் உருவம் தரையில் தெரிந்தால் ஷேடோ. கண்டக்டர் வாங்குவது ஃபேர், பள்ளிக்கூடம் வாங்குவது ஃபீஸ், டிக்கெட் இல்லாமல் செக்கரிடம் மாட்டினால் ஃபைன்.

குளத்தில்தான் இன்னும் சிக்கல். குளம் என்றால் பாண்ட் என்று மனப்பாடம் செய்திருப்போம். கோவை உக்கடம் பெரியகுளத்தின் கரையில் நின்று அதைப் பாண்ட் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? பாண்ட் என்பது சின்னக் குட்டை. நம்மூர் அரசு ஏடுகளில் ஏரி, குளம் எல்லாமே டேங்க். வெளிநாட்டில் அதைச் சொன்னால் மொட்டை மாடித் தொட்டி என்று நினைக்கிறார்கள். எங்கள் ஊர் டேங்கில் மீன் ஏலம் விடுவார்கள் என்றேன். ஆபீசில் பக்கத்துச் சீட்டுக்காரர், அவ்வளவு பெரிய தொட்டியை எந்தக் கம்பெனி செய்தது என்று கேட்டார். இப்போது இங்கே எழுதுவதென்றால் லேக் என்று போடுகிறேன், ஊரில் இருக்கும் நீர்வளத் துறைக்கு மனு எழுதினால் டேங்க்.