மரக்கறி லொறியில் வந்த சேர்வர்

கல்யாண வீடு, சடங்கு வீடு, கோயில் தேர் என்று வருடம் முழுக்கப் படம் பிடிக்கிறவனிடம் கடைசியில் சேர்வது ஹார்ட் டிஸ்க்தான். ஒன்று நிரம்பினால் இன்னொன்று, அதன் மேல் ஸ்டிக்கர், பிறகு அலுமாரி. ஹட்டன் ஈரத்தில் லென்ஸுக்குள்ளேயே பூஞ்சை பூக்கிறது. மூன்று மழைக்காலம் அலுமாரியில் கிடந்த யூஎஸ்பி டிஸ்க் சுழலுமா சுழலாதா என்பது அதைச் செருகும்போதுதான் தெரியும். அந்தப் பயத்தோடு தொழில் செய்ய முடியவில்லை. டிஸ்க் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்க வேண்டும், ஒன்று செத்தாலும் படம் சாகக்கூடாது. எனக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான்.

இதற்கென்றே விற்கும் நாஸ் பெட்டியைத்தான், அதாவது பல டிஸ்க்கைப் பூட்டி வலைப்பின்னலில் கோப்பைக் காட்டும் பெட்டியைத்தான், முதலில் பார்த்தேன். 2022-இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய பிறகு, நாலு டிஸ்க் போடும் வெற்றுப் பெட்டியின் விலையே மூச்சை முட்டியது. அந்தக் காசுக்கும் குறைவாக, எட்டு டிஸ்க் போடும் பழைய ரேக் சேர்வர்கள், அதாவது இரும்புச் சட்டத்தில் அடுக்கிவைக்கும் கணினிகள், கொழும்பில் கிடக்கின்றன. பெரிய நிறுவனங்கள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழித்த சாமான். அவை மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. அவற்றின் ரெஜிஸ்டர்ட் ஈசிசி ராம் (சேர்வருக்கென்றே உள்ள நினைவக வகை) சாதாரண டெஸ்க்டொப் போர்டில் வேலை செய்யாது, அதனால் கழற்றி விற்கவும் ஆளில்லை. பாரம் அதிகம், சத்தம் அதிகம், கரண்ட் தின்னும். விலை குறைந்திருப்பது இரும்புக்கு மட்டும்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் தேடப் போனேன்.

என்ன வாங்குவது என்பதில் எனக்கு இப்போது பிடிவாதமான கருத்துகள் உண்டு. ஒரு யூ உயரமுள்ள தட்டையான சேர்வரை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஒரு யூ என்றால் 44.45 மில்லிமீற்றர், அதற்குள் அடங்கும் குட்டி விசிறிகள் தலைதெறிக்கச் சுழன்றால்தான் காற்றுப் போகும். இரண்டு யூ பெட்டியில் விசிறி பெரிது, சத்தத்தை அடக்க வழி இருக்கிறது. டெல் பவர்எட்ஜ் ஆர்710 இன்னும் மலிவு, ஆனால் 2009 காலத்து இயந்திரம். அதோடு வரும் பெர்க் 6ஐ என்ற டிஸ்க் கட்டுப்பாட்டுக் கார்டு இரண்டு டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்கை முழுதாக எடுக்காது. எச்பி ப்ரோலயன்ட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் 2014-இலிருந்து அவர்களுடைய சேர்வர் பயோஸ் அப்டேட் எடுக்க வாரண்டியோ ஒப்பந்தமோ வேண்டும். டெல் அதைச் சும்மா தருகிறது. ஆகவே 2012-இல் வந்த ஆர்720, அதிலும் மூன்றரை அங்குல டிஸ்க் எட்டுப் போடும் மாதிரி என்று முடிவெடுத்தேன். இரண்டரை அங்குலத்துக்கு 16 இடம் உள்ள மாதிரிதான் சந்தையில் அதிகம் கண்ணில் படும். பெரிய கொள்ளளவு மலிவாக வருவது மூன்றரையில் என்பதால் அது எனக்குப் பயனில்லை.

பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நிறைந்த யுனிட்டி பிளாசாவைச் சுற்றிவிட்டு, கடைசியில் விளம்பரம் பார்த்து ஒருவரின் களஞ்சியத்துக்குப் போனேன்.

"தம்பி, ரெண்டு சீபியு, 128 ஜிபி ராம். இந்தக் காசுக்கு லெப்டொப்கூட வராது" என்றார்.

"அது சரி அண்ணே, டிஸ்க் ட்ரே எத்தனை இருக்கு?"

அங்கேதான் பேரம் தொடங்கியது. முன்பக்கம் எட்டு இடமும் மூடியிருந்தாலும் பாதி வெறும் பிளாஸ்டிக் மூடிகள். ட்ரே இல்லாமல் டிஸ்க்கைப் பூட்ட முடியாது, தனியாக வாங்கப் போனால் ஒவ்வொன்றுக்கும் காசு. எட்டும் சேர்த்துத் தந்தால்தான் என்று நின்றேன். வேறோர் இயந்திரத்திலிருந்து கழற்றித் தந்தார்.

அங்கேயே பார்க்க வேண்டியவை இன்னும் சில. பெட்டியில் சேவிஸ் டேக் என்று ஏழு எழுத்து இருக்கும். அதை டெல் தளத்தில் அடித்தால் தொழிற்சாலையிலிருந்து எந்தெந்த உறுப்போடு வந்தது என்று காட்டும், பிறகு யாராவது எதையாவது மாற்றியிருந்தால் புரிந்துவிடும். பல டிஸ்க்கை ஒன்றாகப் பிணைத்து ஆளும் ரெய்ட் கார்டு எது என்று கேளுங்கள். எச்710 வேகமானது, ஆனால் டிஸ்க்கைத் தன் பிடிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், நேரடியாக வெளியே காட்டாது. என்னைப் போல, டிஸ்க்குகளைத் தானே பிணைத்துக் காக்கும் இசட்எஃப்எஸ் மென்பொருளைப் போட நினைக்கிறவருக்கு மட்டமான எச்310தான் நல்லது. கடைக்காரர் அதைக் குறையாகச் சொன்னார், நானும் தலையாட்டி விலையைக் குறைத்துக்கொண்டேன். கூடவே தர வந்த 600 ஜிபி எஸ்ஏஎஸ் டிஸ்க்குகளை (சேர்வருக்கென்றே செய்த வகை) வேண்டாம் என்றேன். நிமிடத்துக்கு 15,000 சுற்றில் ஓடி, சூடாகி, கடைசியில் ஒரு கல்யாணத்தைக்கூட முழுதாக வைத்துக்கொள்ளாது. தவிர, பெரிய ஸ்டோரேஜ் பெட்டிகளிலிருந்து கழற்றிய டிஸ்க்குகள் சிலவற்றில் செக்டர் (தரவு எழுதும் சிறு கட்டம்) 512 பைட்டாக இல்லாமல் 520 ஆக இருக்கும். அவற்றைத் திரும்ப ஃபோர்மட் செய்யாமல் லினக்ஸ் ஏற்காது. எஸ்ஏஎஸ் கார்டில் வீட்டுக் கணினிக்குப் போடும் சாதாரண சாட்டா டிஸ்க் தாராளமாக ஓடும் என்பதால் புது சாட்டா டிஸ்க்கே வாங்கினேன். பழையதை நம்பலாம், ஆனால் டிஸ்க்கை மட்டும் பழையதாக வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

கொண்டுவருவது அடுத்த கூத்து. வெறும் பெட்டியே 20 கிலோவுக்கு மேல். பஸ்ஸில் மடியில் வைக்க முடியாது. நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு பேலியகொடை சந்தைக்கு இறங்கும் லொறிகள் திரும்பும்போது அநேகமாக வெறுமையாக வரும். தெரிந்த மாமா ஒருவரின் லொறியில், பழைய மெத்தைக்கு மேல் படுக்கவைத்து, கினிகத்தேனை வளைவெல்லாம் ஏறி வந்து சேர்ந்தது. மூடியைத் திறந்தபோது லீக்ஸ் வாடை. டிஸ்க்குகளைப் பெட்டிக்குள் விடாமல் நானே கைப்பையில் கொண்டுவந்தேன். ராமும் சீபியுவுக்கு மேலுள்ள ஹீட்சிங்க்கும் குலுக்கலில் கொஞ்சம் தளரும், ராமை ஒருமுறை கழற்றி அழுத்திப் பூட்டி, ஹீட்சிங்க் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும்.

கரண்ட் கொடுப்பதற்கு முன் வயரிங் பாஸை வரவழைத்தேன். எங்கள் வீடு பழைய தோட்டக் குவாட்டர்ஸை ஒட்டிக் கட்டியது, ப்ளக்கில் எர்த் துவாரம் இருந்தாலும் பின்னால் வயர் இருக்குமா என்பது வேறு கேள்வி. சேர்வர் பவர் சப்ளையில் கொஞ்சம் கரண்ட் எர்த்துக்குக் கசிவது இயல்பு. எர்த் இல்லாவிட்டால் பெட்டியைத் தொட்டால் விறுவிறுக்கும். ஏற்கெனவே ஈரக்கசிவுள்ள வீட்டில் இந்தக் கசிவும் சேர்ந்தால் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் மழை நாளில் விழும். பாஸ் புதிதாக எர்த் கம்பி இறக்கி, தனி 13 அம்பியர் ப்ளக் பேஸ் போட்டார். பவர் வயர் பழைய டெஸ்க்டொப்புடையதே போதும், இரண்டுக்கும் ஒரே முனைதான்.

முதன்முதல் பொத்தானை அழுத்தியபோது விசிறிகள் எல்லாம் உச்சத்துக்கு ஏறி இறங்கின. குசினியிலிருந்து அம்மா, "என்னடா, ஃபெக்டரியில கொழுந்து வாட்டுற ஃபேனை வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டியா?" என்றார். பிறகு தானாகவே அடங்கியது. திரையில் ஏதாவது தெரிய சில நிமிடம் எடுக்கும், செத்துவிட்டது என்று பயந்து அணைக்க வேண்டாம். அது ராமை எண்ணிக்கொண்டிருக்கும்.

ஐடிராக் என்று உள்ளேயே ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. சேர்வர் அணைந்திருந்தாலும் அது விழித்திருக்கும், வலைப்பின்னலூடாக அதனிடம் சொல்லிச் சேர்வரை எழுப்பலாம். பழைய முதலாளியின் பாஸ்வேர்ட் அதில் இருந்தது. எஃப்2 அழுத்தி அமைப்புக்குள் போய் ஐடிராக்கை மீட்டமைத்தால் 192.168.0.120 என்ற முகவரியும், ரூட், கால்வின் என்ற பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வந்துவிடும். உலகத்துக்கே தெரிந்த கடவுச்சொல், உடனே மாற்றிவிடுங்கள். பயோஸ், ஐடிராக் இரண்டையும் அப்டேட் செய்தேன். எச்310 கார்டில் ரெய்ட் மென்பொருளை அழித்து, டிஸ்க்கை அப்படியே காட்டும் ஐடி மோட் ஏற்றினேன். அழிப்பதற்கு முன் கார்டின் தனி அடையாள எண்ணான எஸ்ஏஎஸ் முகவரியைக் கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு அதைத் திரும்பக் கொடுக்க வேண்டிவரும். அந்த வேலை நடக்கும்போது மட்டும் கரண்ட் போகக்கூடாது, ஆகவே மழையில்லாத காலை நேரத்தில் செய்தேன்.

மீட்டரில்தான் உண்மையான வேலை தொடங்கியது. ப்ளக்கில் மாட்டும் வாட் மீட்டரை வைத்துப் பார்த்தால், ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே சுமார் 150 வாட். நாள் முழுக்க ஓடினால் மாதத்துக்கு 108 யூனிட். இலங்கையில் வீட்டு மின்சாரம் வைத்திருப்பவருக்கு இதன் அர்த்தம் புரியும். மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால் ஒரு விலைப்பட்டியல், தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு பட்டியல், மேலே போகப் போக நிரந்தரக் கட்டணமும் ஏறும். சேர்வர் தான் தின்னும் யூனிட்டுக்கு மட்டும் காசு கேட்பதில்லை. வீட்டு பல்பும் ரைஸ் குக்கரும் தின்னும் யூனிட்டின் விலையையும் சேர்த்து உயர்த்திவிடும். மலிவாக வாங்கினேன் என்று மார்தட்டுகிற யாரும் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

ஆகவே கழற்ற ஆரம்பித்தேன். இரண்டாவது சீபியு போனது. அதோடு பாதி ராம் இடங்களும் மேலதிக கார்டு செருகும் சில பிசிஐ இடங்களும் செத்துவிடும், எனக்கு அவை வேண்டியதில்லை. காலியான இடத்தில் காற்றைத் திருப்பும் மூடி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று குறுக்கு வழியில் ஓடும். ராம் 32 ஜிபி மட்டும் விட்டேன். இரட்டைப் பவர் சப்ளையில் ஒன்றை வெளியே இழுத்தேன். இரண்டு வேறு லைனில் கரண்ட் வரும் இடத்துக்கு அது பொருத்தம், ஒரே ப்ளக் உள்ள என் வீட்டில் என்னத்துக்கு? எல்லாம் முடிந்தபோது 4 டெராபைட் டிஸ்க் ஆறோடு 100 வாட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

அதுவும் அதிகம்தான். நான் எடிட் செய்வது மாலையில். பிறகு எதற்கு 24 மணி நேரமும்? ட்ரூநாஸ் போன்ற, சேமிப்புக்கென்றே உள்ள இயங்குதளங்கள் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதற்கு என்று செய்யப்பட்டவை. எனக்கு வேண்டியதோ தினமும் எழுந்து தினமும் அணையும் இயந்திரம். அதனால் வெறும் டெபியன் லினக்ஸ், மேலே இசட்எஃப்எஸ், வின்டோஸ் கணினிக்குக் கோப்பைக் காட்ட சம்பா, அவ்வளவுதான். ஆறு டிஸ்க்கையும் ரெய்ட்-இசட்2 ஆகப் பிணைத்தேன். இரண்டு டிஸ்க் ஒரே நேரத்தில் செத்தாலும் தாங்கும், கையில் கிடைப்பது 16 டெராபைட். எடிட்டிங் கணினி திறக்கும்போது சின்னக் கட்டளை ஒன்று ஐடிராக்குக்குப் போய்ச் சேர்வரை எழுப்புகிறது. இரவு அன்றைய படங்கள் நகலானதும் தானாக அணைகிறது. ஆறு மணி நேரம் என்றால் மாதத்துக்கு 18 யூனிட். அணைந்திருக்கும்போதும் ஐடிராக் கொஞ்சம் குடிக்கிறது, எல்லாமாக 25 யூனிட்டுக்குள். இது தாங்கும். மாதத்தில் ஓரிரவு மட்டும் விடிய விடிய ஓடவிட்டு, டிஸ்க்கில் எழுதியது எழுதியபடி இருக்கிறதா என்று இசட்எஃப்எஸ்ஸையே சரிபார்க்கவைப்பேன்.

விசிறியை, ஐடிராக்குக்கு ஐபிஎம்ஐ என்ற வழியில் அனுப்பும் கட்டளையால் 20 சதவீதத்தில் பிடித்து வைத்திருக்கிறேன். அப்படிப் பிடித்தால் சூடேறினாலும் அது தானாக வேகமெடுக்காது, ஆகவே சூடு ஓர் அளவைத் தாண்டினால் பொறுப்பைப் பழையபடி ஐடிராக்கிடமே கொடுக்கும் சிறு ஸ்க்ரிப்ட் கட்டாயம். எங்கள் ஊரில் அது அநேகமாக வேலை செய்ததே இல்லை. டெல் சொல்வது 35 பாகை வரை, 950 மீற்றருக்கு மேலே ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஒரு பாகை குறைத்துக்கொள்ள வேண்டும். ஹட்டன் 1,270 மீற்றர் அளவு. அந்த அறை 34 பாகையைக் கனவிலும் கண்டதில்லை.

எங்களுக்குச் சிக்கல் சூடு அல்ல, ஈரம். சேர்வர் ஏற்கும் ஈரப்பதம் 80 சதவீதம் வரை, ஜூன், ஜூலை மழையில் இங்கே அதற்கு மேல்தான். ஓடுகிற இயந்திரம் சுற்றுக் காற்றைவிடச் சூடாக இருப்பதால் நீர் படியாது, அணைந்து குளிர்ந்துபோனதில்தான் ஆபத்து. யூனிட்டுக்காக அணைப்பதும் ஈரத்துக்காக ஓட்டுவதும் ஒன்றோடொன்று இடிக்கிறது. வெளிச்சுவரில்லாத உள் அறைக்கு மாற்றி, தரையிலிருந்து உயர்த்தி, மழைக்காலத்தில் வேலை இல்லாத நாளிலும் கொஞ்சம் ஓடவிடுகிறேன். அடுப்பங்கரைச் சுவரை ஒட்டி வைக்கச் சிலர் சொன்னார்கள். விறகுப் புகையின் கரியை விசிறி இழுக்கும் என்பதால் மறுத்துவிட்டேன்.

யூபிஎஸ் பற்றி ஒரு சொல். காற்றுக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது இங்கே சாதாரணம், லைன் கடைசியில் இருப்பவருக்கு வோல்டேஜும் இறங்கும். சேர்வரின் பவர் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், இறக்கம் பிரச்சினையில்லை. மலிவு யூபிஎஸ்ஸின் சதுர அலையைத்தான் சில சப்ளைகள் வெறுக்கும். வாங்குமுன், லைன் கரண்டைப் போல வழவழப்பாக வளையும் சைன் அலையா என்று கேளுங்கள். யூஎஸ்பி வயரால் இணைத்து, பற்றரி குறைந்தால் சேர்வர் தானே அணையும்படி, யூபிஎஸ்ஸைக் கவனிக்கும் நட் என்ற மென்பொருளில் சொல்லியிருக்கிறேன். ஏப்ரல் இடிக்கு அது போதாது. மின்னல் கண்டால் ப்ளக்கைப் பிடுங்குவதுதான்.

கழற்றிய ராமும் சீபியுவும் மேசை லாச்சியில் கிடக்கின்றன, யாரும் கேட்கவில்லை. ரெய்ட் இருக்கிறது என்பதற்காக வேறு பிரதி வேண்டாம் என்று விட்டுவிடவில்லை. வாடிக்கையாளர் காசு கொடுத்த வீடியோக்கள் மட்டும் இரண்டு பெரிய யூஎஸ்பி டிஸ்க்கில் மாறி மாறி நகலாகின்றன. ஒன்று எப்போதும் தலவாக்கலையில் அக்கா வீட்டில், சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள். மாதம் ஒருமுறை போய் மாற்றிக்கொண்டு வருகிறேன், அங்கே போனால் மத்தியானச் சாப்பாடும் ஆகிவிடும்.