கற்பூரத் தூணுக்கு ரசீது

சிற்பம் செய்கிறேன் என்றால் கல்லா, மரமா என்று கேட்பார்கள். கற்பூரம், சாம்பிராணி, வெட்டிவேர் என்று சொன்னால் அடுத்த கேள்வி, ‘பூஜை சாமான் கடையா?’ பாதி சரிதான். எனக்கு வேண்டிய சரக்கெல்லாம் நாட்டு மருந்துக் கடையிலிருந்துதான் வருகிறது.

இந்த வேலையில் பெரிய சிக்கல், செய்தவனுக்கே செய்தது தெரியாது. எந்த வாசனையும் சில நிமிடங்களில் மூக்குக்குப் பழகிவிடும். நாள் முழுக்க வெட்டிவேரைக் கட்டிக்கொண்டிருக்கும் எனக்கு அது வெறும் வேர். அதனால் கண்காட்சிக் கூடத்துக் காவலாளிதான் என் முதல் விமர்சகர். காலையில் வெளிக்காற்றிலிருந்து உள்ளே வந்ததுமே, “சார், இன்னிக்கு வேர் வாசனை கம்மி. தண்ணி தெளிக்கலையா?” என்பார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

‘பூவினிற் கந்தம் பொருந்தியவாறுபோல் சீவனுக்குள்ளே சிவமணம் பூத்தது’ என்கிறார் திருமூலர். என் வேலையெல்லாம் இந்த வரியிலிருந்து கிளம்பியதுதான். பூவுக்குத் தன் மணம் தெரியுமா என்று அவர் அங்கே சொல்லவில்லை. என் மூக்கை வைத்துப் பார்த்தால், தெரியாது என்றுதான் தோன்றுகிறது. அழைப்பிதழில் ‘ஆன்மிக அனுபவம்’ என்று அச்சடிக்க ஆசைப்படுகிறவர்களிடம் நான் சண்டை போடுவதும் இதனால்தான். அனுபவம் வருகிறவருடையது. நான் சரக்குப் போடுகிறவன்.

அதிகம் படுத்துவது கற்பூரம். தூளை அச்சில் கொட்டி இறுக்கித் தூணாக்குவேன். இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி டர்பன்டைன் என்ற பைன் மர எண்ணெயிலிருந்து தயாரித்தது. பச்சைக் கற்பூரத்தின் வாசனை வேறு, விலையும் வேறு. கொளுத்தத் தேவையில்லை, கூடத்தில் அதற்கு அனுமதியும் கிடையாது. உருகாமலேயே அது காற்றில் போய்விடும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால், ஏசியில் குளிர்ந்த மேல்மூடியின் உட்புறத்தில் ஊசி ஊசியாக வெள்ளைப் படிகம் படியும். தூண் இளைக்கும், கண்ணாடி மங்கும். பார்க்க வருகிறவர்கள் அதைத் துடைக்கச் சொல்வார்கள். துடைக்க மாட்டேன், அதுவும் தூண்தான்.

இந்த வழியில் நான் பொறாமைப்படும் ஆள் ஜெர்மனியின் சிற்பி வோல்ஃப்காங் லைப். 1950-ல் பிறந்தவர். மருத்துவம் படித்து முடித்துவிட்டு அதை விட்டவர். பாரசீக சூஃபிக் கவிஞர் ரூமியின் கவிதையிலும் இந்திய ஞான மரபிலும் தோய்ந்தவர். மதுரைப் பக்கம் ஒரு கிராமத்தில் அவருக்குப் பட்டறைகூட உண்டு. 2013-ல் வாஷிங்டனிலுள்ள ஃபிலிப்ஸ் கலெக்‌ஷன் அருங்காட்சியகத்தில் ஒரு சின்ன அறையின் சுவர், கூரை எல்லாம் தேன்மெழுகு பூசி, ஒற்றை பல்பைத் தொங்கவிட்டார். அவ்வளவுதான் படைப்பு. அந்த அறை அங்கேயே நிரந்தரமாக இருக்கிறது. மெழுகு நிற்கும். கற்பூரம் நிற்குமா?

ஒருவர் தூணை விலை பேச வந்தார். எத்தனை வருஷம் தாங்கும் என்றார். வருஷமா? பெட்டியைத் திறந்து வைத்தால் சில மாதம் என்றேன். யோசித்தார். கடைசியில் அவர் வாங்கிக்கொண்டு போனது அச்சு, கண்ணாடிப் பெட்டி, அப்புறம் செய்முறை எழுதிய ஒரு தாள். ரசீதில் ‘சிற்பம், ஒன்று’ என்று எழுதச் சொன்னேன். “அப்ப கற்பூரம் யார் கணக்கு சார்?” என்று கணக்காளர் கேட்டார். வாங்குகிறவர் கணக்கு என்று அதையும் எழுதிக்கொண்டோம்.