& குறியை ஒரே ஒரு முறை அவிழ்க்க வேண்டும்: என் எக்ஸ்எம்எல் பார்சர் இதுவரை

இரண்டு மாதமாகச் சனிக்கிழமை இரவுகளில் பைத்தான் நிரல்மொழியில் ஒரு சின்ன எக்ஸ்எம்எல் பார்சர் எழுதி வருகிறேன். எக்ஸ்எம்எல் என்பது தகவலைப் பெயர்க்குறிகளுக்கு நடுவே வைத்து எழுதும் கோப்பு வடிவம்; பார்சர் அதைப் படித்துப் பிரிக்கும் நிரல். நல்ல பார்சர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனாலும் உள்ளே நடப்பதைக் கையால் எழுதிப் பார்க்க ஆசை. டேக் (கோண அடைப்புக்குள் வரும் பெயர்க்குறி), ஆட்ரிபியூட் (டேக்குக்குள் எழுதும் கூடுதல் விவரம்) எல்லாம் இரண்டே வாரத்தில் முடிந்தன. மீதி நேரம் முழுவதும் டேக்குகளுக்கு நடுவே இருக்கும் உரைக்குத்தான் போனது.

சில குறிகளை உரையில் நேராக எழுத முடியாது; அவற்றுக்குப் பதிலாக & குறியில் தொடங்கி ; குறியில் முடியும்படி எழுதுவதுதான் எஸ்கேப். அதை நீக்கி உண்மையான குறியை எடுப்பதையே அவிழ்ப்பது என்கிறேன். முதலில் கோப்பு முழுவதிலும் எஸ்கேப்பை நீக்கிவிட்டு, அப்புறம் டேக் தேடினேன். சோதனைக் கோப்பில் இப்படி ஒரு வரி (டேக் பெயர் தமிழில் இருக்கலாம், விதி அனுமதிக்கிறது):

<கணக்கு>5 &#60; 7</கணக்கு>

60 என்பது < குறியின் எண். அது வெளியே வந்ததும் பார்சர் புது டேக் தொடங்குகிறது என்று எடுத்துக்கொண்டது. சரி, முதலில் டேக்குகளைப் பிரித்துவிட்டு, உரைக்குள் மட்டும் எஸ்கேப் நீக்கும்படி மாற்றினேன்.

அடுத்த சிக்கலில் மூன்று வாரம் போயிற்று. உரையில் &#38;#60; என்று இருந்தால் விடை &#60; என்ற ஐந்து எழுத்துகள்தான், ஏனென்றால் 38 என்பது & குறி. எனக்கோ < வந்தது. ஒவ்வொரு எஸ்கேப்பாகத் தேடி மாற்றும் வரிகளை அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றின் விடையை அடுத்தது மறுபடி அவிழ்த்துவிட்டது. வரிசையை மாற்றினால் போதும் என்று நினைத்தேன். போதாது. & குறியைப் பெயராலும் (&amp;) எழுதலாம், எண்ணாலும் (&#38;) எழுதலாம்; எதை முதலில் அவிழ்த்தாலும் அதன் விடை மற்றதிடம் மாட்டும். கடைசியில் அந்த அடுக்கையே தூக்கிவிட்டேன். இப்போது இடமிருந்து வலமாக ஒரே நடை: & வந்தால் ; வரை படி, எழுத்தை விடையில் சேர், மேலே போ. விடையில் சேர்ந்ததை மறுபடி தொடுவதே இல்லை.

இதே நுணுக்கம் 1998-இல் வந்த எக்ஸ்எம்எல் 1.0 விதியிலேயே இருக்கிறது. அங்கே < குறிக்கான என்டிட்டியை (ஒரு மதிப்புக்கு வைக்கும் பெயரை) அறிவிக்கும்போது மதிப்பை &#38;#60; என்று இரட்டையாக எழுதுகிறார்கள். அறிவிப்பைப் படிக்கும்போது ஒரு அடுக்கு கழன்று &#60; மிஞ்சும்; உரையில் பயன்படுத்தும்போது அது மறுபடி படிக்கப்பட்டு, வெறும் எழுத்தாக < கிடைக்கும். > குறிக்கு ஒற்றை &#62; போதும், அது தனியாக டேக்கைத் தொடங்காது. இது புரிந்த இரவு தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சிடேட்டா பகுதி, அதாவது எஸ்கேப் இல்லாமல் உரையை அப்படியே எழுதும் இடம், எளிது. உள்ளே & குறியும் < குறியும் எழுதியபடியே நிற்கும்; ]]> வந்தால் முடிவு. அந்த மூன்று குறிகளே உரையாக வேண்டுமென்றால் பகுதியை இரண்டாக உடைக்க வேண்டும். சாதாரண உரையிலும் ]]> அப்படியே வரக்கூடாது என்பது எனக்குப் புதுச் செய்தி.

விண்டோஸ் கோப்பில் வரி முடிவு 13, 10 என்ற எண்களுக்குரிய இரண்டு எழுத்து. பார்சர் அதை 10 ஆகச் சுருக்க வேண்டும், ஆனால் &#13; என்று எழுதியிருந்தால் 13 அப்படியே நிற்க வேண்டும். அதனால் சுருக்குவது முதலில், அவிழ்ப்பது பிறகு. ஒருவர் மெனக்கெட்டு எண்ணாக எழுதியிருக்கிறார் என்றால் அந்த எழுத்து அவருக்கு வேண்டும் என்றுதானே பொருள்!

தமிழிலும் சோதித்தேன். &#2965;&#3018; என்றாலும் &#2965;&#3014;&#3006; என்றாலும் திரையில் தெரிவது கொ. ஒப்பிட்டால் இரண்டும் வேறு. இரண்டையும் ஒன்றாக்க நானே சில வரிகள் சேர்த்து, பிறகு நீக்கிவிட்டேன். வந்ததை வந்தபடி கொடுப்பதுதான் பார்சரின் வேலை. ஒன்றாக்குவது தேடல் நிரலின் பாடு.

நேற்று, படித்ததை மறுபடி எக்ஸ்எம்எல்லாகத் திருப்பி எழுதும் பகுதியைத் தொடங்கினேன். இங்கே மாற்றும் வரிகளின் அடுக்கே போதும், & முதலில் வந்தால் சரி. உரை எல்லாம் பிசகாமல் திரும்பி வருகிறது. ஆட்ரிபியூட்டில் உள்ள வரி முறிவு மட்டும் மறுபடி படிக்கும்போது இடைவெளியாகிவிடுகிறது; அதை &#10; என்று எழுத வைப்பதுதான் வரும் சனிக்கிழமை வேலை.