பிரதர்களுக்குப் பாட்டு சொல்லிக்குடுக்கும்போது

குருவானவராகப் படிக்கிற பிரதர்களுக்குக் குருமடத்துல பாட்டு சொல்லிக்குடுக்குறேன்னா கொயர் பயிற்சின்னுதான் நிறைய பேர் நெனைக்கிறாங்க, நானும் சேர்ந்த புதுசுல அப்படி நெனைச்சுதான் நாலு குரல் பாட்டெல்லாம் எழுதி எடுத்துட்டுப் போனேன். பிரதர்களுக்கும் அதுலதான் ஆசை, கீபோர்டு கத்துக்கணும், புதுப்பாட்டுக்கு மெட்டு போடணும்னு. ஆனா பூசையில குருவானவர் வாயிலருந்தே வரவேண்டிய பாட்டு எதுன்னு பாத்தா "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" மாதிரி சின்னச் சின்ன வரிதான், மக்கள் பதில் பாடுறதும் அதுக்குத்தான். திருவழிபாட்டு இசை பத்தி 1967-ல ரோமிலருந்து வந்த அறிவுரையும் இந்த மாதிரி பகுதிகள்லருந்துதான் ஆரம்பிக்கச் சொல்லுது, மத்ததெல்லாம் படிப்படியா சேத்துக்கலாம்.

குருவானவர் எந்த சுருதியில விடுறாரோ அங்கருந்துதான் மொத்தக் கோவிலும் எடுக்கும். ரொம்ப மேல பிடிச்சுட்டாருன்னா பின்னாடி நிக்கிற வயசானவங்க அப்படியே வாயை மூடிக்குவாங்க. இதைப் புரிய வைக்கவே எனக்கு ஒவ்வொரு பேட்ச்லயும் பாதி வருஷம் போயிடும், இத்தனைக்கும் குருமடங்கள்ல இசை கத்துக்குடுக்க பெரிய முக்கியத்துவம் குடுக்கணும்னு 1963-லயே இரண்டாம் வத்திக்கான் சங்கத்தோட ஏடு சொல்லியாச்சு, இன்னும் தேர்வு நெருங்குனா முதல்ல போறது பாட்டு வகுப்புதான், எனக்கு அது நிஜமாவே வருத்தம்.

ஒரு பிரதர் வந்து, "சார், எனக்குப் பாட்டே வராது, நான் எல்லாத்தையும் வாசிச்சுட்டுப் போயிடுறேனே"ன்னார். குரல் சரியா அமையாதவங்க கஷ்டமான பகுதியைத் தெளிவா சத்தமா சொல்லலாம்னு அதே 1967 ஏட்டுல இடம் இருக்கு, ஆனா வசதிக்காக அப்படிச் செய்யக்கூடாதுன்னும் சேத்தே இருக்கு. அதனால ஒரு திருப்பாடலை சும்மா வாசிங்க பிரதர்னு சொல்லிட்டு, அவர் பேசுற குரல் எந்தக் கட்டையில நிக்குதுன்னு ஆர்மோனியத்துல தேடுனேன். நல்ல கனமான கீழ்க்குரல், பாவம் இத்தனை நாளா பக்கத்துல பாடுற பிரதரோட சுருதியில போய் முட்டிக்கிட்டு இருந்திருக்கார். ஒரு மாசம் அந்த ஒத்தை ஸ்வரத்துலயே வாசிக்க வச்சேன், அப்புறம்தான் ஒரு படி மேல, ஒரு படி கீழ.

குருப்பட்டத்துக்கு முந்தின படியான திருத்தொண்டர் பட்டம் வாங்குன வருஷம், ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி நடக்குற பாஸ்கா திருவிழிப்புக்கு அவர்தான் மெழுகுதிரியைத் தூக்கிட்டு வந்தார். பெரிய வியாழன் பூசையில "உன்னதங்களிலே"ங்கற புகழ்ப்பாட்டு முடிஞ்சா, திருவிழிப்புல அதை மறுபடி பாடுற வரைக்கும் வாத்தியம் தனியா ஒலிக்கக்கூடாது, பாட்டுக்குத் துணையா மட்டும்தான், நிறைய கோவில்கள்ல அதுவும் இருக்காது, அன்னைக்கும் இல்ல. மெழுகுதிரியைத் தூக்கிட்டு வர்றவர் "கிறிஸ்துவின் ஒளி"யை மூணு தடவை பாடணும், ஒவ்வொரு தடவையும் சுருதி ஏத்திப் பாடுறது வழக்கம், அதனால முதல் தடவை எங்க பிடிக்கிறோம்ங்கறதுலதான் எல்லாமே இருக்கு.

இருட்டுல கடைசி வரிசையில நின்னுட்டிருந்தேன். வாசல்ல அவர் கீழேருந்து, பேசுற குரல்லயே எடுத்தார். மூணாவது தடவை பீடத்துக்கிட்ட போய்ப் பாடினப்ப எனக்கு முன்னாடி நின்ன பாட்டி கொஞ்சம்கூட சிரமப்படாம அதே சுருதியில பதில் பாடுனாங்க.