கடுகளவு புள்ளி

"இந்த வயசுல பச்சை குத்திக்கிட்டேன், பாத்தியா?" என்று அக்கா சிரித்தாள்.

விலா ஓரத்தில் கடுகளவு ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

கதிர்வீச்சு மேசையில் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே கோணத்தில் படுக்க வைக்க அதுதான் அடையாளம். எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு.

மார்பகப் புற்றுநோய் அவளுக்கு முதுகெலும்பில் ஒரே ஓர் இடத்துக்குப் போயிருக்கிறது. இப்படிச் சில இடங்களோடு நிற்கும் நிலைக்கு 1995-இல் ஹெல்மன், வைக்செல்பாம் என்ற இரு மருத்துவர்கள் தனிப் பெயரே வைத்தார்கள்: ஒலிகோமெட்டாஸ்டாசிஸ். வாயில் நுழையாத பெயர்தான். அந்த இடத்தை மட்டும் பல திசைகளிலிருந்து குறிவைத்து, பெரும்பாலும் ஐந்து தடவைக்குள் முடிப்பது ஸ்டீரியோடாக்டிக் கதிர்வீச்சு.

அதோடு நோயே போய்விடும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் ஒளிக்கவில்லை. 2022-இல் வெளியான பிஆர்002 ஆய்வில், மருந்தோடு இதையும் சேர்த்துக் கொடுத்தபோது மார்பகப் புற்றுநோய் முற்றுவது தள்ளிப்போகவில்லையாம். மருந்துதான் பிரதானம் என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"முதுகு வலி குறையுமா டாக்டர்?"

"குறைய நல்ல வாய்ப்பிருக்கும்மா."

"சரி, அப்போ படுக்கிறேன்."