தம்பியின் குடல்வால்

ஜூன் 3, சுங்கை சிப்புட், மலேசியா

நேற்று தொப்புளைச் சுற்றி வலித்தபோது, காற்று என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தான். இன்று வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. வாந்தி, காய்ச்சல் வேறு. தோட்டத்துச் செம்மண் பாதையில் கார் குலுங்கும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

கிளினிக்கில் டாக்டர் இடுப்பெலும்பு முனைக்கும் தொப்புளுக்கும் இடையே, எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி மெதுவாக அழுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன், அவர் விரலைச் சட்டென்று எடுத்ததும் கத்திவிட்டான். "குடல்வால்தான், ஈப்போவுக்குப் போங்க." மெக்பர்னி என்ற அமெரிக்க மருத்துவர் 1889இல் குறித்த இடமாம் அது. ஸ்கேன் வந்த பிறகும் விரல் முதலில் அங்கேதான் போகிறது.

ஜூன் 3, இரவு, ஈப்போ ஆஸ்பத்திரி

கையெழுத்து வாங்க வந்த டாக்டரிடம் அம்மா கேட்டார்: "கேமரா நல்லதா, கிழிக்கிறது நல்லதா?"

அவர் அவசரப்படாமல் சொன்னார். சின்ன ஓட்டை வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷனில் வலி குறைவு, வெளிப்புண் சீழ் பிடிப்பதும் குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். ஆனால் நேரம் சற்றுக் கூடும். வயிற்றுக்குள் சீழ் கட்டுவது கேமராவில் கொஞ்சம் அதிகம் என்று பழைய ஆய்வுகள் சொல்லின. பிந்தைய ஆய்வுகளில் அந்த வித்தியாசம் தேய்ந்துவிட்டது. "உள்ளே ஒட்டிக்கிட்டிருந்தா, ரத்தம் நிக்கலைன்னா, திறந்துடுவோம்மா. அதுக்கும் சேர்த்துத்தான் கையெழுத்து."

அந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. திறப்பதை ஏதோ தோல்வி போல நாம் நினைக்கிறோம்.

ஜூன் 4

கேமராவிலேயே முடிந்தது. மூன்று சின்ன ஓட்டை, பெரியது தொப்புளில். கண் விழித்ததும், "தோள் வலிக்குது" என்றான். வயிற்றில் ஆபரேஷன் செய்தால் தோள் எதற்கு வலிக்க வேண்டும் என்று அம்மா கலங்கிப்போனார். வயிற்றை உப்ப வைக்கக் கரியமில வாயு செலுத்துகிறார்கள். அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத் தசையை உறுத்த, அங்கிருந்து போகும் நரம்பு வலியைத் தோளில் காட்டுகிறது. நடந்தால் குறையும் என்றார் நர்ஸ் மிஸ்ஸி.

1980இல் இப்படி முதலில் குடல்வாலை எடுத்தவர் கர்ட் செம், ஜெர்மானிய மகளிர் நோய் மருத்துவர். அறுவை மருத்துவர்கள் அவரைக் கடுமையாக எதிர்த்தார்களாம்!

பக்கத்துக் கட்டில் பையனுக்குக் குடல்வால் உடைந்தே வந்தது. அவனுக்குச் சாய்வாகத் திறந்து கழுவியிருக்கிறார்கள். பாவம், இருமவே பயப்படுகிறான். அப்பாவின் பழைய தழும்பும் அதே சாய்வில்தான் இருக்கும்.

ஜூன் 10

வீட்டில் நன்றாகச் சாப்பிடுகிறான். சிக்கல் வேறு விதமாக வந்தது. "சின்ன ஓட்டைதானே, எப்ப வர்றான்?" என்று கண்காணி போன் செய்தார். இவன் தோட்டத்தில் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டுபவன். நீளக் கம்பு அரிவாளை அண்ணாந்து இழுக்க வேண்டும், இருபது கிலோ குலையைத் தூக்க வேண்டும். தோலில் தழும்பு சின்னதென்றாலும் தொப்புளுக்கடியில் தசை சேர நாளாகும். அவசரப்பட்டால் குடல் பிதுங்கலாம். பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் கொடுத்த விடுப்புச் சீட்டான எம்.சி.யிலேயே எழுதியிருக்கிறது.

உதிரிப்பழம் பொறுக்க விடலாமே என்றார். அதற்கும் நாள் முழுக்கக் குனிய வேண்டும், அண்ணே என்றேன். நாளை எம்.சி.யோடு நானே ஆபீசுக்குப் போகிறேன்.