பர்வதமலை ஏறப் போகிறவர்களுக்கு

பௌர்ணமியைத் தவிர்த்து ஒரு சாதாரண வார நாளைத் தேர்ந்தெடுங்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூருக்கும் செங்கத்துக்கும் இடைப்பட்ட வட்டாரத்தில் நிற்கிறது பர்வதமலை. உயரம் சுமார் 4,500 அடி. தென்மாதிமங்கலம், கடலாடி என இரண்டு ஊர்களிலிருந்து பாதை உண்டு. முதல்முறை போகிறவர்களுக்குத் தென்மாதிமங்கலம் வழியே நல்லது. தொடக்கத்தில் படிக்கட்டு இருக்கிறது.

இது சங்ககாலக் குறுநில மன்னன் நன்னனின் நாடு. மலைபடுகடாம் என்ற சங்கப் பாட்டு பாடும் நவிரமலை இதுதான் என்பார்கள். அந்தப் பாட்டே கூத்தருக்கு வழி சொல்லும் ஆற்றுப்படை. வழி பிரியும் இடங்களில் வீரர்களின் பெயர் பொறித்த கற்கள் நிற்கும் என்கிறது. செங்கம் வட்டாரத்தில் பல்லவர் கால நடுகற்கள் இன்றும் கிடைக்கின்றன. போகும் வழியில் அவற்றுக்கென அரை நாள் ஒதுக்கலாம், தகும்.

புதியவர்கள் கவலைவழியில், அதாவது பாதை பிரியும் இடத்தில், புல்லை முடிந்து அடையாளம் வைக்க வேண்டும் என்றும் அதே பாட்டு சொல்கிறது. இந்த மலைக்கு அது இன்றும் பொருந்தும். இரண்டு ஊர்ப் பாதைகளும் மேலே ஒன்றுசேர்கின்றன. ஏறும்போது அது கண்ணில் படாது. இறங்கும்போது கூட்டத்தோடு நடந்தால் வேறு ஊரில் போய் நிற்பீர்கள், வண்டியோ மறு அடிவாரத்தில் இருக்கும். சேருமிடத்தில் நின்று, வந்த பாதையைத் திரும்பிப் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விடிந்ததும் ஏறத் தொடங்கினால் மூன்று நான்கு மணி நேரத்தில் உச்சி. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். படி முடிந்ததும் காட்டுக்குள் உருண்டைக் கற்களில் கால் வைத்து ஏறும் பகுதி. நிழல் இருந்தாலும் வியர்வை அதிகம் போகும் இடம் இதுதான். உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு கையில் இருக்கட்டும்.

உச்சிக்குச் சற்று முன்னால் கடப்பாறைப் பாறை. செங்குத்தான பாறையில் இரும்புக் கம்பிகளை முளைகளாக அடித்து, பக்கத்தில் சங்கிலி கட்டியிருக்கிறார்கள். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். தோளில் ஒருபக்கம் தொங்கும் பை ஆளை வெளியே இழுக்கும், முதுகோடு ஒட்டிய பையே சரி. இரண்டு முளைகளுக்கு நடுவிலுள்ள சங்கிலியை ஒரே சமயம் இரண்டு பேர் பிடிக்கக் கூடாது. மேலே இருப்பவர் இழுத்தால் கீழே இருப்பவரின் பிடி ஆடும். முன்னால் போகிறவர் அடுத்த முளையைத் தாண்டும்வரை பொறுங்கள். உச்சிவெயிலில் இரும்பு கை பொறுக்காத அளவு சுடும். காலையிலேயே கிளம்பச் சொல்வதற்கு முக்கியக் காரணம் அது. மழையில் இந்தப் பாறையைத் தொடவே வேண்டாம்.

மேலே மல்லிகார்ஜுனர், பிரமராம்பிகை சன்னதி. பக்தர்கள் தாங்களே அபிஷேகம், பூசை செய்யலாம். பூசைப் பொருளையும் சாப்பாட்டையும் பைக்குள் வையுங்கள்; பாலித்தீன் கவரைக் கையில் பார்த்தால் குரங்கு விடாது.

இறங்கும்போது பாறையில் முகத்தை மலைப்பக்கம் வைத்து, ஏணியில் இறங்குவது போல இறங்குங்கள். அதற்குக் கீழே முட்டிதான் பிரச்சினை. ஒரு கம்பு இருந்தால் வலி குறையும். மதியம் மேகம் திரண்டால் உச்சியில் தங்காமல் இறங்கிவிடுங்கள், அடிவார ஓடையில் திடீரென வெள்ளம் வரும். ஏறும் நேரத்துக்கு வனத்துறை கட்டுப்பாடு வைப்பதுண்டு, முந்தைய நாளே ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.